மறைந்தோருடன் உரையாடல்: கணிப்பொறியின் விடையும் ஆவணத்தின் சான்றும்

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டியுள்ள அடுகோடியில், தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இயங்கி வருகிறது. கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்கும் உரிய இம்பீரியல் நிலையமாக 1923ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இதன் தலைமையகம் 1955இல் கர்னாலுக்கு மாற்றப்பட்டது. 1927ஆம் ஆண்டில் நந்தி மலையில் ஓய்வெடுத்து உடல் தேறிய காந்தியடிகள், பெங்களூரில் தங்கியிருந்த நாட்களில் இந்நிலையத்திற்கு வந்து, ஏறத்தாழ இரு வார காலம் மாடு வளர்ப்பு முறைகளைப் பயின்றார். அப்போது அதன் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் ஸ்மித் என்னும் ஆங்கிலேய நிபுணர். நிலையத்தின் ஏட்டில் அடிகள் தம் தொழிலைச் சபர்மதியின் உழவர் என்று குறித்ததாக இன்றும் அங்கே பெருமையுடன் நினைவுகூரப்படுகிறது.

ஐம்பத்தெட்டு வயதை நெருங்கிய ஒரு தேசத் தலைவர் மாட்டுத்தொழுவத்தில் மாணவராக அமர்ந்தது ஏன்? பசுவின் பாலையே அருந்தாத ஒருவர் (1912இல் பாலை விலக்கிய அவர், 1919 முதல் ஆட்டுப்பாலையே ஏற்றார்) பால்பண்ணைத் தொழிலைக் கற்றதற்கு நோக்கம் என்ன? வகுப்பறையில் ஒரு மாணவர் இவ்வினாவை எழுப்பினால், முன்பெல்லாம் ஆசிரியர் அவரை நூலகத்துக்கு அனுப்புவார். இப்போது வேறொரு வழி திறந்துள்ளது. கைப்பேசியில் 'காந்தி'யையே கேட்கலாம். கணிப்பொறி காந்தியாகப் பேசும்.

வரலாற்று மனிதர்களின் பெயரில் கணிப்பொறி உரையாடும் இப்புதிய ஏற்பாடு கல்விக்குத் துணையா, இடையூறா என்பது மாணவர்களும், இத்தகைய கருவிகளை வாங்க ஒப்புதல் அளிக்கும் அலுவலர்களும் ஆராய வேண்டிய வினாவாகும்.

இருவகை ஏற்பாடுகள்

கணிப்பொறியுடன் மனிதர் உரையாடுவது புதிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட 'எலிசா' என்னும் நிரல், கேட்பவரின் சொற்களையே திருப்பிப் போட்டு வினாவாக்கும் எளிய தந்திரத்தைக் கையாண்டது. அதனிடமும் மக்கள் மனம்விட்டுப் பேசியது அவரையே திகைக்க வைத்தது. இன்று வழக்கில் உள்ள ஏற்பாடுகளை இரண்டாகப் பிரித்துக் காண்பது பயன் தரும்.

முதல் வகையில், மனிதரே சொன்ன சொற்கள் பதிவாகி, வினாவுக்குப் பொருந்தும் பதிவைக் கணிப்பொறி தேர்ந்து தருகிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா நிறுவனம், நாஜிக்களின் படுகொலை முகாம்களிலிருந்து உயிர் தப்பியோரிடம் சுமார் 1,000 வினாக்கள் கேட்டு, விடைகளைப் பல கோணங்களில் படம்பிடித்து வைத்துள்ளது. பின்னாளில் ஒரு மாணவர் கேட்கும் வினாவுக்கு அந்த விடைகளில் ஒன்றே திரையில் தோன்றும். இங்கே கணிப்பொறியின் வேலை தேடுவது மட்டுமே. தவறான பதிவை எடுத்துவிடலாம். ஆயினும் அவர் சொல்லாததைச் சொல்லாது.

இரண்டாம் வகையில், பெருந்திரளான எழுத்துக்களைக் கற்ற மொழி மாதிரி, அடுத்து வரக்கூடிய சொல் எது என்பதைக் கணித்துக் கணித்து வாக்கியங்களை ஆக்குகிறது. 'நீ காந்தியாகப் பேசு' என்று கட்டளையிட்டால், காந்தியின் எழுத்தும், காந்தியைப் பற்றிப் பிறர் எழுதியதும், அவர் பெயரில் வழங்கும் பொன்மொழிகளும் கலந்த ஒரு பேச்சு வெளிவரும். எது எங்கிருந்து வந்தது என்பது பொதுவாக விடையில் இராது. தன்மை ஒருமையில் 'நான் கருதினேன்' என்று வருவதால் ஐயம் எழுவதும் அரிது. 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'கேரக்டர் ஏஐ', கான் அகாடமி 2023இல் அறிமுகப்படுத்திய 'கான்மிகோ' ஆகியவற்றில் வரலாற்று மனிதருடன் உரையாடும் வசதி இவ்வகையைச் சேர்ந்தது.

பெங்களூரிலேயே ஒரு முன்னோடி முயற்சி நடைபெற்றுள்ளது. அந்நகரின் கலை மற்றும் நிழற்பட அருங்காட்சியகம், அக்சென்சர் நிறுவனத்துடன் இணைந்து, ஓவியர் எம்.எப். உசேனின் உரையாடும் உருவத்தை 2021இல் உருவாக்கியது. பார்வையாளர் அவரது வாழ்வையும் கலையையும் பற்றிக் கேட்கலாம். உசேனின் முகமும் குரலும் விடை தரும். 1915இல் பிறந்து 2011இல் இலண்டனில் மறைந்த உசேன் நிறையப் பேசியவர், திரைப்படமும் எடுத்தவர், குரலும் உருவமும் பதிவுகளில் உள்ளன. ஓர் அருங்காட்சியகம் தன் பொறுப்பில், ஒரே மனிதரை, ஒரே துறை குறித்து இவ்வாறு முன்வைப்பது அளவான செயலே. எனினும் அவர் 2006இல் நாட்டைவிட்டுச் சென்று, 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றதற்கான காரணத்தை ஒரு மாணவர் கேட்டால், அவர் பேட்டிகளில் சொன்ன எல்லைக்குள் விடை நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அது உசேனின் சொல் ஆகாது.

எல்லை தவறியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சுமார் 20,000 வரலாற்று மாந்தருடன் பேசலாம் என்ற விளம்பரத்துடன் 2023 ஜனவரியில் பரவிய ஒரு செயலியில், இட்லரின் தளபதி இம்லரும் தம் செயல்களுக்கு வருந்துபவராகப் பேசினார். 1945இல் பிடிபட்டவுடன் நஞ்சுண்டு மாண்ட அவர் அப்படி வருந்தியதற்குச் சான்றில்லை. எவரையும் புண்படுத்தாத, பண்பட்ட விடையைத் தருமாறு பயிற்றப்பட்ட மாதிரி, கொடியவனையும் பண்பாளனாக்கிவிடுகிறது. இது தற்செயலான பிழை அன்று. அமைப்பிலேயே உள்ள சாய்வு.

நூறு தொகுதிகளின் பாடம்

காந்தியடிகளைப் பொறுத்தவரை மூலச்சான்றுகள் மிக விரிவானவை. அவர் எழுத்துக்களையும் பேச்சுக்களையும் கடிதங்களையும் காலவரிசைப்படி தொகுக்கும் பணியை மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1956இல் மேற்கொண்டது. முதல் தொகுதி 1958இல் வந்தது. நூறாவது தொகுதியுடன் 1994இல் பணி நிறைவெய்தியது. முதல் தலைமைப் பதிப்பாசிரியர் பரதன் குமரப்பா, பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். அவருக்குப்பின் ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம் சிறிது காலம் இருந்தார். 1960 முதல் கால் நூற்றாண்டு காலம் இப்பொறுப்பைச் சுமந்தவர் புதுக்கோட்டையில் பிறந்த பேராசிரியர் கே. சுவாமிநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஒருவர், ஓய்வுக்காலத்தில் ஏற்ற பணி இது என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு அறியப்படவில்லை.

ஒவ்வொரு கடிதத்துக்கும் நாள், இடம், மூலப்படி எங்குள்ளது, எம்மொழியில் எழுதப்பட்டது என்ற குறிப்புகளை அத்தொகுதிகள் தருகின்றன. நாள் தெளிவாகாதபோது அதுவும் சொல்லப்படுகிறது. பதிப்பாசிரியரின் உழைப்பு முழுவதும் இக்குறிப்புகளில் அடங்கியுள்ளது. உரையாடும் மாதிரி முதலில் இழப்பதும் இதையே.

நாள் ஏன் முக்கியம் என்பதற்கு அடிகளே விடை சொல்லியுள்ளார். தம் எழுத்துக்களில் இரண்டு முரண்படுமானால் பிந்தியதையே கொள்ளுமாறு 1933இல் 'அரிஜன்' இதழில் வாசகரைக் கேட்டுக்கொண்டார். சாதிகளுக்கிடையே திருமணம் குறித்து 1920களின் தொடக்கத்தில் கட்டுப்பாட்டைக் குறை கூறாதவர், 1946இல், மணமக்களில் ஒருவர் அரிஜனராக இருந்தால்தான் சேவாகிராம ஆசிரமத்தில் திருமணம் நடத்தலாம் என்னும் நிலைக்கு வந்தார். 'சாதியைப் பற்றித் தங்கள் கருத்து யாது?' என்று ஒரு மாணவர் கேட்டால், எந்த ஆண்டின் காந்தி விடை சொல்வார்? கால் நூற்றாண்டு மாற்றத்தைச் சராசரியாக்கி ஒரே பத்தியில் தரும் விடை, எந்நாளிலும் வாழ்ந்திராத ஒரு காந்தியின் விடையாகும். அம்பேத்கருக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்த கடும் விவாதத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவருக்கு இதனால் விளையும் கேடு சிறிதன்று.

முன்னர் எழுப்பிய அடுகோடி வினாவும் இவ்வாறானதே. பசுவின்மீது அடிகள் கொண்ட பக்தியைப் பற்றி இனிய சொற்களில் ஒரு விடையைக் கணிப்பொறி எளிதில் ஆக்கிவிடும். ஆவணம் காட்டும் காந்தி சற்று வேறானவர். பசுப்பாதுகாப்பு பொருளாதார அடிப்படையில் நிற்காவிட்டால் தோற்கும் என்பது அவர் வாதம். நல்ல இனப்பெருக்கம், மாதிரிப் பால்பண்ணையாக மாறிய பிஞ்சராப்போல்கள், இறந்த மாடுகளின் தோலை வீணாக்காமல் பதனிடும் கூடங்கள் ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார். சபர்மதியில் பால்பண்ணையுடன் தோல் பதனிடும் கூடமும் அமைந்தது. தோல் பதனிடுதல் விடையில் விடுபட்டுப் போனால், அவர் அடுகோடிக்கு வந்த நோக்கமே விடுபட்டதாகும்.

தொகுப்பிலேயே கைவைத்தால் என்ன நேரும் என்பதையும் நாடு ஒருமுறை கண்டுள்ளது. நூறு தொகுதிகளை மறுவரிசைப்படுத்தி 98 தொகுதிகளாகவும் குறுந்தட்டாகவும் வெளியான திருத்தப்பதிப்பில் பல பதிவுகள் விடுபட்டன என்று அறிஞர்கள் ஆட்சேபித்தனர். அரசு 2005இல் அதை விலக்கிக்கொண்டது. அச்சில் இருந்ததனாலேயே பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டனர். மாதிரி எந்தப் பதிப்பைக் கற்றது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவர் எங்குமே எழுதியதாகக் காணப்படாத, ஆனால் சுவரொட்டிகளிலும் நாட்குறிப்புகளிலும் அவர் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற வாசகங்கள் அதனுள் கலந்திருப்பது மட்டும் ஏறத்தாழ உறுதி.

சான்று குறைந்தோர் நிலை

காந்தியடிகளுக்கே இந்நிலை என்றால் திருவள்ளுவருக்கு? குறளுக்கு அப்பால் அவர் வாழ்வைப் பற்றி உறுதியான செய்தி ஏதுமில்லை. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுக்கள் இராசராசன் அளித்த பொன், விளக்கு, நிலம், தளிச்சேரிப் பெண்டிரின் பங்கு ஆகியவற்றைக் கணக்குப் பிசகாமல் கூறுகின்றன. அம்மன்னன் உரையாடிய விதத்தைக் கூறவில்லை. இவர்களைப் பேச வைப்பது நாடகம். நாடகம் என்று அறிவித்து ஆடினால் குற்றமில்லை; பாடம் என்று சொல்லி ஆடுவதுதான் தவறு.

சட்டம் இவ்விடத்தில் அதிகம் உதவாது. அடிகளின் எழுத்துக்கள் மீது நவஜீவன் அறக்கட்டளைக்கு இருந்த பதிப்புரிமை 2008ஆம் ஆண்டின் இறுதியுடன் முடிந்துவிட்டது, எவரும் பயன்படுத்தலாம். ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவர் மறைவோடு முடிகின்றன, வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. மறைந்தோர் வழக்குத் தொடர மாட்டார்கள். எனவே காப்பு வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

பொருளியல் நோக்கில் இதன் வேர் தெளிவு. சொற்களை ஆக்கும் செலவு மிகவும் குறைந்துவிட்டது. சரிபார்க்கும் செலவு சிறிதும் குறையவில்லை. முதற் செலவை நிறுவனம் ஏற்கிறது. இரண்டாவதை ஆசிரியரும் மாணவரும் சுமக்கிறார்கள். பெரும்பாலும் எவரும் சுமப்பதில்லை. விலைப்புள்ளியில் வராத இச்செலவை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருவதே அலுவலர்கள் செய்யத்தக்கது. செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ரூ. 10,300 கோடிக்கு மேல் ஒப்புதல் அளித்துள்ள நிலையில், பள்ளிகளும் அருங்காட்சியகங்களும் இத்தகைய கருவிகளை நாடுவது பெருகவே செய்யும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு விடையின் கீழும் தொகுதி எண், பக்கம், நாள் தோன்ற வேண்டும். சான்று இல்லாதபோது 'இது குறித்துப் பதிவு இல்லை' என்று சொல்லக் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வினாக்களைக் கொடுத்து இதைச் சோதிக்கலாம், அவற்றில் மூன்று விடையற்றனவாக இருக்கட்டும். பேசுபவர் 1909ஆம் ஆண்டின் காந்தியா, 1927ஆம் ஆண்டினரா என்பதை மாணவர் தெரிவு செய்ய இயல வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட காந்தி மரபு இணையதளத்தில் நூறு தொகுதிகளும் கட்டணமின்றிக் கிடைப்பதால், சான்று காட்டுவது தொழில்நுட்ப அளவில் அரிதன்று.

ஆசிரியர்கள் இதை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். கருவி தந்த விடை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் தொகுதிகளில் ஆதாரம் தேடுமாறு மாணவரைப் பணிக்கலாம். ஆதாரம் கிடைத்தவை, கிடைக்காதவை, மாறாக இருந்தவை எனப் பிரித்தெழுதும் மாணவர், வரலாற்றாய்வின் அடிப்படை முறையைக் கற்றுவிடுகிறார்.

தமிழ் மாணவருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. அடிகள் குஜராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். நூறு தொகுதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. கருவி தரும் தமிழ் விடை, குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்ததாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் தமிழ்த் தொழிலாளர்களோடு போராடி, சிறையிலிருந்தபோதும் தமிழ் கற்க முயன்று, தமிழில் கையெழுத்திடவும் தெரிந்திருந்த ஒருவர் பளிச்சென்ற இன்றைய தமிழில் 'பேசும்'போது, அது அவர் தமிழே என்று இளம் வயதினர் நம்ப இடமுண்டு. ஆகவே தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில், விடை மொழிபெயர்ப்பு என்பதையும் மூலம் எம்மொழியில் உள்ளது என்பதையும் காட்டும் ஒரு வரி திரையில் நிலையாக இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.