முதலில் மருந்துக் கிடங்கு

கேள்வி: மருத்துவமனை நிர்வாகத்தைச் செம்மைப்படுத்த முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில்: மருந்துக் கிடங்கை. மருத்துவரை எவ்வளவு விரட்டினாலும், எழுதிக்கொடுத்த மாத்திரை கவுன்டரில் இல்லையென்றால் நோயாளி வெறுங்கையோடுதான் திரும்புவார். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. டெண்டரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டுத் தொகையைக் குறித்த ஒரு பாஸ்புக் கொடுத்தது. எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழியும். மீதித் தொகைக்குள் வேண்டியதை மருத்துவமனையே கேட்டுப் பெறலாம். வாங்குவது ஓரிடம், தேவையை முடிவுசெய்வது அந்தந்த இடம். விலை மலிந்தால் தரம் குறையாதா என்பீர்கள். குறையலாம், அதனால்தான் மாதிரிகள் தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்குப் போகின்றன. ஆள் பற்றாக்குறைக்கு இது தீர்வாகாது, உண்மைதான். ஆனால் இல்லாத மருந்தைத் தேடுவதிலேயே பொழுது போகும் இடத்தில், புதிதாக வரும் ஊழியரும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பார்.