கேரி ஸ்டீல் அம்மையார் செய்த தானம்

தானம் என்றவுடன் நம்மவர் நினைவில் தோன்றுபவர் அநாதபிண்டிகர். ஜேதவனத்துத் தரை மறையும்படி பொற்காசுகளைப் பரப்பி, அதனை விலைக்கு வாங்கிச் சங்கத்துக்கு அளித்த பெருவணிகர் அவர். சுதத்தர் என்பது அவர் இயற்பெயர். திக்கற்றவர்க்குச் சோறிட்டமையால் அநாதபிண்டிகர் எனப்பட்டார். இதைக் கேட்கும் ஏழை உபாசகர், "பொன் உள்ளவர் செய்தார், நாம் என் செய்வோம்?" என்று எழுந்து போய்விடுகிறார். அவருக்காகவே இந்தப் பாடம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், 1829ஆம் ஆண்டையொட்டி அடிமையாகப் பிறந்தவர் கேரி ஸ்டீல். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதை அம்மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. அப்படியிருந்தும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். (இந்தத் தடை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.) 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்க்கு வீடோ நிலமோ உடன் வரவில்லை.

அம்மையார் அட்லாண்டா நகரத்து ரயில் நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். கறுப்பினக் குழந்தைகள் பலர் அங்கே கைவிடப்பட்டுக் கிடந்தனர். அவர்களை ஏற்க ஆளில்லை. அம்மையாருக்கோ வேலையை விட இயலாது. காலியாக நின்ற சரக்குப் பெட்டி ஒன்றில் பகலெல்லாம் அவர்களை இருத்தி, வேலைக்கு நடுவே கவனித்துக்கொண்டார். இரவில் தம் சிறு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஆலையில் ஷிப்டுக்குப் போகும் தாய்மார், பிள்ளையை எங்கே விடுவது என்று படும் பாட்டை அறிந்தவர்க்கு, அந்தச் சரக்குப் பெட்டியின் அருமை விளங்கும்.

வீடு போதாமற்போயிற்று. தம் வாழ்க்கை வரலாற்றைச் சிறு நூலாக எழுதி விற்றார். தம் வீட்டையும் விற்றார். பலரிடம் சென்று நன்கொடை கேட்டார். 1888இல் அநாதை இல்லம் முறைப்படி பதிவாயிற்று. 1892இல் அதற்கு மூன்றடுக்குக் கட்டடம் எழுந்தது. 1900இல் அம்மையார் மறைந்தார். பின்னர் நாற்பதாண்டுக்கு மேல் இல்லத்தை நடத்திய கிளாரா பிட்ஸ் அம்மையாரின் பெயரும் சேர்ந்து, அவ்வில்லம் இன்றும் நடைபெறுகிறது. ஜார்ஜியாவின் சாதனைப் பெண்டிர் வரிசையில் 1998இல் கேரி ஸ்டீலைச் சேர்த்துச் சிறப்பித்தனர்.

அவர் கிறிஸ்தவர் ஆயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். பாபாசாகேப் தம் மூன்று குருமார்களில் ஒருவராகக் கொண்ட ஜோதிராவ் புலே, 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். நற்செயலை மதம் பார்த்துப் போற்றும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

விநயத்திலே ஒரு நிகழ்ச்சி உண்டு. வயிற்றுப்போக்கினால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். ஏன் எவரும் கவனிக்கவில்லை என்று வினவியபோது, "அவரால் எங்களுக்கு யாதொரு பயனும் இல்லை" என்றனர் மற்றைய பிக்குகள். உங்களுக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்பது பகவான் தந்த மறுமொழி. ரயில் நிலையத்துக் குழந்தைகளாலும் எவர்க்கும் பயன் இருந்ததில்லை.

மகாவக்கத்தின் எட்டாம் பிரிவில் உள்ள இப்பகுதியை அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் வாசிப்போம். வரும்போது, தத்தம் தெருவில் தாய் தந்தையற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் இரவில் எங்கே உறங்குகிறார்கள் என்பதை உபாசகர்களும் உபாசிகைகளும் விசாரித்து வருக.