ஊர்ப்பெயரை உடைத்துச் சொல்லுங்கள்

நம் மாவட்டத்துக்கு வருகிற வெளிநாட்டுப் பயணி வெயிலைக்கூடச் சமாளித்துவிடுவார், ஊர்ப்பெயரில்தான் மாட்டிக்கொள்கிறார். 'கவ்லாங் எந்தப் பக்கம்?' என்று ஒருவர் கேட்டால் நாம் முழிக்கிறோம். அவர் கேட்பது நம்ம கோவளம்! வெள்ளைக்காரன் காதில் விழுந்ததை அவன் எழுத்தில் எழுதி வைத்தான். செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆனது. டச்சுக்காரர் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம் 'சட்ராஸ்' ஆனது. புது எழுத்துப்படி 'கோவளம்' என்று கேட்டாலும் தொல்லை தீராது. கேரளத்தில் திருவனந்தபுரம் அருகிலும் ஒரு கோவளம் உண்டு. அறை பதிவு செய்யும்போது மாவட்டத்தின் பெயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து நம் பெயரை ஏன் சொல்ல முடியவில்லை? படு, பட்டு, பாட்டு என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு மூன்றும் மூன்று சொல். ஆங்கிலக் காதுக்கு இரட்டித்த எழுத்தும் ஒற்றை எழுத்தும் ஒன்றுதான். ஆகவே 'செங்கல்பட்டு' என்பதில் 'ட்டு' மேல் ஒரு கணம் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். (நாமே அவசரத்தில் 'செங்கப்பட்டு' என்கிறோம், அது வேறு கதை!)

நான் கண்ட நல்ல வழி, பெயரை உடைப்பது. திருக்கழுக்குன்றம் என்று ஒரே மூச்சில் சொன்னால் எந்த வெளிநாட்டானும் ஓடிவிடுவான். திரு, கழுகு, குன்றம் என்று பிரித்து, கழுகையும் மலையையும் கையால் காட்டினால் பெயர் மனசில் நின்றுவிடும். பிறகு சேர்த்துச் சொல்லச் சொல்லலாம்.

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. 2010-இல் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் விமானங்கள் நாள்கணக்கில் நின்றன. அதன் பெயரைச் செய்தி வாசிப்பவர்களே சொல்ல முடியாமல் திணறினார்கள். ஏறக்குறைய 'எய்யாஃபியட்லாயோகுட்ல்'. உடைத்தால் தீவு, மலை, பனியாறு, அவ்வளவுதான்! அந்த மொழியில் பெரும்பாலும் இரண்டு 'எல்' சேர்ந்தால் 'ட்ல்' என்று ஒலிக்கும். அழுத்தம் முதல் அசையில் விழும். இந்த இரண்டு விதி தெரிந்தால் பாதி தூரம் கடந்த மாதிரி. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடுக்கு ஐஸ்லாந்து அணியும் வந்தது. பக்கத்திலேயே சதுரங்கத்தின் பெயரில் ஓர் ஊர் இருப்பதை அவர்களுக்கு யாராவது சொன்னார்களோ என்னவோ!

மாமல்லபுரத்துக்கே இரண்டு பெயர். மாமல்லன் என்ற பட்டம் கொண்ட முதலாம் நரசிம்மவர்மனை நினைவூட்டுவது ஒன்று. 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதோ 'மகாபலிபுரம்'. பஸ் பலகையில் ஒன்று, கண்டக்டர் கூவுவது இன்னொன்று. இரண்டு ஊர் என்று நினைத்துப் பயணி பஸ்ஸை விட்டுவிடக்கூடும். இரண்டும் ஒன்றே என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுத்தை மாற்றினால் போதுமா? 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டது. அதில் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி ஆகிவிட்டது. கேலி கிளம்பியது, அந்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் சரிதான். ஆனால் 26 எழுத்துக்குள் நம் குறிலையும் நெடிலையும், ல, ள, ழ மூன்றையும் அடைப்பது லேசில் முடிகிற வேலையா?

அதனால் வழி கேட்பவருக்கு ஊர்ப்பெயரைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பஸ் பலகையோடு ஒப்பிட்டுக்கொள்வார். நேரம் இருந்தால் 'ழ'வையும் சொல்லிக்கொடுங்கள். நாக்கு நுனியை மேலே பின்பக்கமாக வளைக்க வேண்டும், எதையும் தொடக்கூடாது. தொட்டால் 'ள' ஆகிவிடும். கழுக்குன்றம் போகிற பஸ் வருவதற்குள் கற்றுக்கொண்டுவிடுவார்.