குறியை விடுங்கள், கோட்டைத் தொடருங்கள்

இணையத்தில் பழைய வரைபடம் ஒன்று கிடைத்ததும் கோயில், கோட்டை என்று பெயர் போட்ட இடங்களைத்தான் பலரும் தேடுகிறார்கள். அதில் பலன் குறைவு என்பது என் அனுபவம். அப்படிப் பெயர் பெற்ற இடங்களில் பெரும்பாலானவற்றை ஊரறியும். நான் முதலில் பார்ப்பது கோடுகளை: மதில், ஏரிக்கரை, பழைய பெருவழி. கட்டடம் இடிந்தால் அதன் கல்லைக்கூட யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அது நின்ற கோட்டின்மேல் ஒரு தெருவோ மனை எல்லையோ வந்து உட்கார்ந்து, பழைய வடிவத்தைத் தன்னையறியாமல் காப்பாற்றிவிடுகிறது.

சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த மதராஸ் படங்களில், ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று அழைத்த பகுதியை வடக்கிலும் மேற்கிலும் ஒரு மதில் வளைத்து நிற்கிறது. அந்த வளைவை இன்றைய படத்தில் தொடர்ந்தால் மேற்கே வால்டாக்ஸ் ரோடு வருகிறது. வடக்கே, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், மதிலின் மிச்சத் துண்டு மாடிப் பூங்காவாக இருக்கிறது. ஏரிகளுக்கும் இதே கதிதான். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த லாங் டேங்கின் மாம்பலம் பகுதியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். தண்ணீர் போயிற்று, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் இருக்கின்றன. கிராமப்புறத்தில் கரைக்கோடு இன்னும் அதிகம் தரும். கரையை ஒட்டி மதகும், ஏரிக்குள் நீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பின் கல்தூண்களும், சில தூண்களில் கல்வெட்டும் இருக்கலாம்.

பழைய படம் துல்லியமாக இருக்குமா என்று கேட்பார்கள். நில அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்குவதற்கு முந்தைய படங்களில் தூரமும் திசையும் பிசகுவது உண்மைதான். ஆனால் நம்மை அதிகம் ஏமாற்றுவது படத்தின் அளவுத்திட்டம். அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிட்ட இந்தியப் படங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அளவு 1:2,50,000. அதாவது படத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 250 மீட்டர். அதை வைத்து ஒரு மண்டபத்தைத் தேடினால் நாள் முழுக்க முள்ளுக்காட்டில் சுற்ற வேண்டியதுதான். எந்த ஏரி, எந்தக் கணவாய் என்று வட்டாரத்தை முடிவுசெய்ய அது போதும். மற்றதற்கு அங்குலத்துக்கு ஒரு மைல் படம் வேண்டும். பழைய படத்தைப் புதியதன்மேல் பொருத்தும்போது கோயில் கோபுரம், குன்றின் உச்சி போன்ற நகராத புள்ளிகளைப் பிடியுங்கள், அதுவும் படத்தின் நாலு மூலையிலும் பரவலாக. ஆற்றை நம்பக்கூடாது; அது இடம் மாறும். செயற்கைக்கோள் படமே போதாதா என்றால், அது இன்றைய வளைவைக் காட்டுமே தவிர, அந்த வளைவு 200 ஆண்டுக்கு முன்பே இருந்ததா என்று சொல்லாது.

புதையல் தோண்டுகிறவர்களுக்கு இது வழிகாட்டிவிடாதா என்பது நியாயமான கவலை. ஆகவே கண்ட இடத்தின் துல்லியமான புள்ளியைப் பொதுவெளியில் போடாமல் தொல்லியல் துறைக்கு எழுதுவதே சரி. மண்ணைக் கிளறவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் தற்செயலாகக் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.