வீட்டு வாலை: கூடுதல் கருவி தேவையா?

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாலைவடிநீர் எடுக்க, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம், ஆவிக்குழாய், குளிர்நீர் வாளி ஆகியவையே போதும். செம்புக் குழாய் வேண்டாம். செம்பு கலந்த நீர் பேட்டரிக்கு ஆகாது. வடிமுனையில் ஆவி புகைந்தால் குளிர்விப்பு போதவில்லை என்று பொருள். கூடுதல் கருவிகளில் நீளமான ஆவிக்குழாய்ச் சுருள் மட்டுமே செலவுக்குத் தகும். வெப்பமானி வீண். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம் ஆகும். எலுமிச்சைப்புல் தைலம் வடிப்போருக்கு, மேலே மிதக்கும் எண்ணெயைப் பிரிக்கும் குடுவை அவசியம். எதை வடித்தாலும் ஆவி வெளியேறும் வழியை அடைக்கவே கூடாது.

சாராயம் காய்ச்சுவது வேறு கதை. 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதித்தாலும், கலவையில் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். எந்த வீட்டுக் கருவியும் மெத்தனாலை முழுதாகப் பிரிக்காது. மணமும் சுவையும் காட்டிக்கொடுக்காது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வடக்கனந்தல் முதல் கல்வராயன் மலைக் கிராமங்கள் வரை, சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கினால், வாந்தி, வயிற்றுவலி வந்தால், விடியும்வரை காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.