வாக்கி மலிவாக இருக்கலாம், காதில் மாட்டுவது மலிவாக இருக்கக் கூடாது

“பத்து வாக்கி வேணும் சார், மலிவா எது?” திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ், லைட்டிங், எல்இடி வால் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நான் முதலில் திருப்பிக் கேட்பது: பத்து எதற்கு?

1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த ராயபுரம் ராபின்சன் பூங்கா அளவுக்கு ஓர் இடம், அதில் ஒரு மேடை நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பொறுப்பாளர், மிக்சர் ஆள், லைட் ஆள், எல்இடி வால் ஆள், வீடியோ மிக்சிங், ஜெனரேட்டர், வாசல். இவர்களில் பாதிப்பேர் நிகழ்ச்சி முடியும்வரை நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. எழாதவருக்கு வாக்கி எதற்கு? அவருக்கு ஒயர் போதும். குழுவுக்குள் ஒயரில் பேசிக்கொள்ளும் டாக்பேக்குக்கு லைசென்ஸ் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பக்கத்துத் தெரு செக்யூரிட்டி நடுவில் புகுந்து பேசவும் மாட்டார். பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் வேலையும் கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம்.

அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய கிளியர்காம் நிறுவனம் பழக்கப்படுத்திய முறை இது. இன்று அதே பாணியில் மலிவான செட்டுகளும் செகண்ட் ஹேண்டும் கிடைக்கின்றன. இடுப்பில் ஒரு பெல்ட் பேக், தலையில் ஒரு ஹெட்செட், நடுவில் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள். அந்தக் கேபிளில் முதல் பின் கிரவுண்ட், இரண்டாவதில் 30 வோல்ட் டிசி, மூன்றாவதில் பேச்சு. நம் ஊர் மைக் செட்காரர்கள் இடறுவது இங்கேதான். பழைய கேபிள்களில் உள்ளே ஒரே கோர்தான் இருக்கும். ஒன்றையும் மூன்றையும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். மைக்குக்கு அது ஓடும். டாக்பேக்கில் போட்டால் பேச்சு கிரவுண்டோடு ஷார்ட் ஆகி லைன் முழுக்க ஊமையாகிவிடும். அதனால் கனெக்டரைத் திருகிக் கழற்றி, மூன்று கம்பியும் தனித்தனியாகப் பற்றவைத்திருக்கிறதா என்று பார்த்த கேபிளை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். இரு முனையிலும் மஞ்சள் டேப் சுற்றுங்கள். 30 வோல்ட் ஓடும் ஒயரை அவசரத்தில் யாராவது மிக்சரில் செருகிவிடாமல் இருக்கவும் அந்த டேப் வேண்டும்.

மிச்சமிருப்பவர்கள் நடக்கிறவர்கள்: மேடைப் பொறுப்பாளர், ஜெனரேட்டர் ஆள், வாசல் ஆள். வாசல்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2023 செப்டம்பர் 10 அன்று ஈசிஆர் பக்கம் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். வாசலில் என்ன நடக்கிறது என்று மேடைக்குத் தெரிய வேண்டும். திருவொற்றியூர் மாசித் தேர் போன்ற ஊர்வலத்தில் ஒலிபெருக்கி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எல்லாருமே நடப்பவர்கள்தான். அங்கே ஒயர் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது வாக்கி. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் ‘பாவ்ஃபெங் வாங்கிக்கோ, அஞ்சு வாட், எல்லா பேண்டும் எடுக்கும்’ என்று சொல்ல ஆள் இருப்பார்கள். எல்லா பேண்டும் எடுக்கும் என்பதுதான் அதன் குற்றமே. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வாக்கியில் பேச அனுமதியுள்ள இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 2018-இல் வந்த விதி அது. அதற்கு வெளியே பேசும் செட்டுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் வேண்டாத செட்டுக்கும் இடிஏ என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் இணையத்தில் விற்றுத் தள்ளிக்கொண்டிருந்ததால் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது, வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. விளம்பரத்தில் ஃப்ரீக்வென்சியும் ஒப்புதலும் போடாத செட்டைத் தொடாதீர்கள். ஹாம் லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ‘நான் பார்த்துக்கறேன்’ என்றால் நன்றி சொல்லிவிடுங்கள். அந்த லைசென்ஸ் தொழிலுக்குச் செல்லாது.

வேறு ஊரென்றால் மாட்டினால் அபராதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இந்தக் கரையில் விஷயம் அதைவிடப் பெரிது. அந்த அஞ்சு வாட் செட்டின் ஒரு பாதி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. கப்பல்களும் துறைமுகங்களும் பேசிக்கொள்ளும் கடல் விஎச்எஃப் பேண்ட் அதற்குள்தான் கிடக்கிறது. ஆபத்தில் கூப்பிடும் சேனல் 16-இன் இடம் 156.8. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணூரின் காமராஜர் துறைமுகம், நடுவில் காசிமேட்டு விசைப்படகுகள். கோயில் திருவிழாவில் “மோளம் ரெடியா” என்று ஒருத்தர் தெரியாத்தனமாக அந்த இடத்தில் பேசிக்கொண்டிருந்தால், கடலில் இன்ஜின் நின்றுபோன படகின் குரலை அவர் மூடிவிடக்கூடும். மலிவு விலைக்கு இந்தப் பழி வேண்டாம்.

446 செட்டுகள் அரை வாட் அளவில்தான் அனுப்பும். அட்டைப்பெட்டியில் ‘10 கிலோமீட்டர்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். திறந்த கடற்கரையில் கண்ணுக்கெட்டும் தூரம் கேட்கலாம். கண்டெய்னர் அடுக்கி வைத்த யார்டை ஒட்டியோ, தகரக் கொட்டகைகளுக்கு நடுவிலோ சில நூறு மீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். இரும்பு அலையைத் தடுக்கும். உங்கள் உடம்பும் தடுக்கும். இடுப்பில் தொங்கும் செட் தோள்பட்டைக்கு ஏறினாலே வித்தியாசம் தெரியும். மேடை நிகழ்ச்சிக்கு இது தாராளம். போதாத இடத்துக்கு, லைசென்ஸோடு வாடகைக்கு விடும் ஏஜென்சியிடம் எடுங்கள். லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் இடம் அடங்குகிறதா என்று பாருங்கள். சொந்த லைசென்ஸுக்கு சரள் சஞ்சார் இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு நாலு நிகழ்ச்சி செய்கிறவருக்கு அந்த அலைச்சல் கட்டாது.

செட்டில் மிச்சம் பிடித்த பணத்தைக் காதில் போடுங்கள். பெரும்பாலானவர்கள் செட்டைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, கூடவே வரும் காதுக்கொக்கியை அப்படியே மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சப் ஊஃபர் பக்கத்தில் அதில் ஒன்றும் கேட்காது. கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், காதுதான் போகும். மேடையோரம் நிற்பவருக்கு இரு காதையும் மூடும் கனமான மஃப், வாய்க்கு நீளும் மைக்கோடு வேண்டும். மேடைப் பொறுப்பாளருக்கு ஒற்றைக் காது மூடுவது, ஏனென்றால் மறு காதில் அவர் மேடையைக் கேட்க வேண்டும். மிக்சர் ஆள் இரண்டு காதையும் பாட்டுக்குக் கொடுத்தவர். அவருக்குக் கூப்பிட்டால் மின்னும் விளக்குள்ள பெல்ட் பேக்தான் சரி, வெளிச்சத்தைப் பார்த்து ஹெட்செட்டை எடுத்துக்கொள்வார். செக்யூரிட்டிகள் போடும் சுருள் குழாய் வாசலுக்குப் போதும்.

மைக்கை உற்றுப் பாருங்கள். இரைச்சலைத் தள்ளும் நல்ல மைக்கில் முன்பக்கமும் பின்பக்கமும் துளை இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக வரும் கூட்டத்தின் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முன்னால் மட்டும் நெருக்கமாக வரும் உங்கள் குரல் தங்கும். பின் துளையைக் கையால் பொத்தினாலோ, மைக்கைத் திருப்பி மாட்டினாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும். உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் வையுங்கள். அடுத்து பிளக். பாவ்ஃபெங்கும் இன்னும் பல செட்டுகளும் எடுக்கும் ‘கென்வுட் டைப்’ இரண்டு பின் வேறு, மோட்டோரோலா பின் வேறு. இன்று இது, நாளை அது என்று கலந்து வாங்கினால், நிகழ்ச்சி நடுவில் நல்ல ஹெட்செட் ஒன்று கையில் இருந்தும் செருக இடம் இருக்காது. முதலில் அறுவது எப்போதும் ஒயர் பிளக்குக்குள் நுழையும் கழுத்துதான். அந்த இடத்தில் ரப்பர் தடியாக இருக்கிறதா என்று கடையிலேயே வளைத்துப் பாருங்கள். வாங்கும் முன் ஸ்பீக்கரில் பாட்டு ஓடவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தள்ளி நிற்பவரை எண்கள் சொல்லச் சொல்லுங்கள். ஏழும் எட்டும் பிரிந்து கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

செட் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சின்ன வேலைகள் சில உண்டு. பேசினால் தானே திறக்கும் ‘வாக்ஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள், பறை அடித்தாலே அது திறந்துகொள்ளும். பேசி முடித்ததும் வரும் ‘பீப்’ சத்தமும் சேனல் எண் சொல்லும் சீன அக்காவும் வேண்டாம். தொடர்ந்து அழுந்திய பட்டனைத் தானே துண்டிக்கும் டைம் அவுட்டை ஒரு நிமிடத்துக்கு வையுங்கள். எவரோ செட்டின் மேல் உட்கார்ந்து மொத்தக் குழுவையும் ஊமையாக்குவது அடிக்கடி நடப்பதுதான். எல்லாரும் இருக்கும் முதல் சேனலை விட்டு நகருங்கள். சிடிசிஎஸ்எஸ் டோன் போட்டால் மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காது, ஆனால் உங்கள் பேச்சு டோன் போடாத எவருக்கும் கேட்கும். எந்தப் பிரமுகர் எந்த வழியாக வருகிறார் என்பதை அதில் சொல்லாதீர்கள்.

பட்டனை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள், முடித்து ஒரு மூச்சு விட்டுக் கையை எடுங்கள். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் வருகிறது. “ஜெனரேட்டரை ஆஃப் பண்ணாதே” என்பதில் பட்டனைக் கொஞ்சம் முன்னால் விட்டாலும் “ஆஃப் பண்ண” என்றுதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதனால் குழுவுக்குள் “ஓடட்டும்”, “நிறுத்து” என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு சொல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா யூனிட்டுகள் விரும்பும் ஒயரில்லா இருவழி ஹெட்செட், ஹாலிலேண்ட் சாலிட்காம் போன்றவை, அருமையானவை. நாலு பேர் செட்டே லட்சத்தைத் தாண்டும். ஆசையிருந்தால் வாடகைக்கு எடுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்நாட்டு வகை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடும், இங்கே அது மொபைல் கம்பெனிகளுடைய இடம். கையில் பழைய ஆண்ட்ராய்டு போன்கள் கிடந்தால் ஒரு வைஃபை ரூட்டரும் மம்பிள் என்ற இலவச மென்பொருளும் வைத்து உட்காருகிறவர்களுக்கு டாக்பேக் அமைக்கலாம். இணையம் தேவையில்லை. புளூடூத் மட்டும் வேண்டாம், குரல் பின்தங்கும். சிம் போட்ட வாக்கிகளும் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்ட ஜெனரேட்டர் வண்டியைப் பிடிக்க அவை உதவும். கூட்டம் திரண்டு டவர் திணறினால் போன் எப்படியோ அவையும் அப்படியே.

மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் எல்என்ஜி முனையம் மாதிரி இடங்களில் ஆயுத பூஜை விழாவோ ஆண்டு விழாவோ கிடைத்தால், உங்கள் வாக்கியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். எரிவாயு இருக்கும் பகுதியில் பொறி கிளம்பாத, மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற செட் வேண்டும். அதை வாங்க நினைக்காதீர்கள், ஆலையின் சேஃப்டி பிரிவிடமே கேளுங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா குழாய் கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அதனால் இந்தப் பகுதியில் வேலை செய்யும் குழுவுக்கு ஓர் அவசரச் சொல்லும், அது கேட்டதும் மேடை மைக்கில் அறிவிக்கப்போவது யார் என்பதும் சவுண்ட் செக்கின்போதே முடிவாகியிருக்க வேண்டும். அந்தச் சொல் வந்த பிறகு வாசல் ஆளைத் தவிர மற்றவர்கள் பட்டனைத் தொடக் கூடாது.

பராமரிப்பில் முதல் எதிரி உப்புக்காற்று. சார்ஜரின் பித்தளைப் பல்லில் பச்சையாகக் களிம்பு ஏறினால் இரவு முழுக்கச் செருகியிருந்தும் செட் காலையில் செத்துக் கிடக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பேட்டரி, சார்ஜர் இரண்டின் முனைகளையும் துடையுங்கள். பேட்டரி நேரக் கணக்கு, பேச்சு ஐந்து சதவீதம், கேட்பது ஐந்து சதவீதம், சும்மா இருப்பது தொண்ணூறு சதவீதம் என்று வைத்துப் போடப்படுவது. நம் ஆட்கள் பேசும் பேச்சுக்கு அது பொருந்தாது, செட்டுக்கு ஒரு உபரி பேட்டரி வாங்குங்கள். ஹெட்செட் பஞ்சு உறைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, அவரவர் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பில்லும் இடிஏ நகலும் செட் பெட்டியிலேயே இருக்கட்டும், போலீஸ் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.