ரவுட்டருக்கும் புதுப்பிப்பு வேண்டுமா?

கேள்வி: வீட்டு வைஃபை ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது அவசியமா? எப்படிச் செய்வது?

பதில்: ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளே ஃபர்ம்வேர். அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கப் புதுப்பிப்பு அவசியம். 2018இல் வெளிச்சத்துக்கு வந்த ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைத் தொற்றியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அறியப்பட்ட ஓட்டைகளோ மாற்றப்படாத கடவுச்சொற்களோ கொண்டவை.

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் மாடல் எண்ணும் வன்பொருள் பதிப்பும் இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் ஃபர்ம்வேர் கோப்பையே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். பதிப்பு மாறினால் கருவி செங்கல்போல் செயலற்றுப் போய்விடக்கூடும். பிரவுசரில் 192.168.0.1, 192.168.1.1 போன்ற ரவுட்டர் முகவரியில் நுழைந்து, பழைய அமைப்புகளைச் சேமித்த பின், கோப்பை ஏற்றலாம். வைஃபையைவிட லேன் கேபிள் வழியே ஏற்றுவது நல்லது. நடுவில் மின்சாரம் போகக் கூடாது. மின்வெட்டு வரும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

பிறகு நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 பாதுகாப்பைத் தேர்ந்து, கடவுச்சொல்லைத் தட்டாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ், தொலைநிலை நிர்வாகம் ஆகிய இரண்டு வசதிகளையும் அணைத்துவிடலாம்.

இணைய நிறுவனம் தந்த ஃபைபர் மோடம் என்றால், புதுப்பிப்பைப் பெரும்பாலும் அந்நிறுவனமே அனுப்பும். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய மாடலை மாற்றிவிடுவதே சரி.